விரிசலைச் சுற்றி ஒரு வட்டம்

கயலு, அன்பு, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். கயலுக்குத் தமிழ் ஓட்டமாக வரும். அன்பு இன்னும் எழுத்துக் கூட்டுகிறான். அக்கா அவசரப்படாமல் அவனுக்காகக் கொஞ்சம் நின்று நின்று போக வேண்டும்.

ஆம்பூரிலிருந்து நான் திரும்பி வந்த அன்று என் பையைப் பிரித்தது நீங்கள்தான். மக்கன் பேடா இனிப்பு டப்பாவைத் தேடிய அன்புவின் கையில், லுங்கியில் சுற்றி வைத்திருந்த இரண்டு ஷூக்கள் மாட்டின. இரண்டுமே இடது கால். "என்னப்பா, ரெண்டும் ஒரே கால்? யாருக்குப்பா இது?" என்று கேட்டான். மறுநாள் அந்த ஷூக்கள் வீட்டில் இல்லை. எங்கே போச்சு என்று கயலு கேட்டாள். நான் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் போய் வந்த கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நாம் போர்ச்சுகல் வந்தது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்கிறேன். மார்த்தா மேடம் முன்பு இங்கிருந்து ஆம்பூருக்குத் தோல் பார்க்க வருவார். நான் அப்போது தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், செலக்‌ஷன் டேபிளில் நிற்பேன். தோலை விரித்து, தடவி, எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த புள்ளி என்று பார்த்து வெள்ளிப் பென்சிலால் வட்டம் போடுவதுதான் என் வேலை. வட்டம் போட்ட இடத்தைத் தவிர்த்துவிட்டு கட்டிங் ஆள் வெட்டுவார். மேடம் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒயின் பிழிந்தபின் மிஞ்சுகிற திராட்சைத் தோலைக் காயவைத்து, அரைத்து, பசை கலந்து, பருத்தித் துணிமேல் பூசித் தோல் மாதிரி ஒரு ஷீட் செய்யப் போகிறேன், தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நாம் நான்கு பேரும் கிளம்பி வந்தோம்.

இப்போது ஒரு பெரிய ஷூ கம்பெனி எங்கள் ஷீட்டை வாங்க யோசிக்கிறது. அவர்கள் ஷூ தைப்பது எங்கே தெரியுமா? ஆம்பூரில்தான். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்று. ஷீட்டைக் கொண்டுபோய் அந்த ஃபேக்டரியில், தோல் ஷூ ஓடுகிற அதே லைனில், அதே ஆட்கள் கையில் ஷூவாக்கிக் காட்ட வேண்டும். அது தாங்கி நின்றால் ஆர்டர். நிற்காவிட்டால் வரும் கோடைக்குள் பட்டறையை மூடிவிடுவேன் என்று மார்த்தா சொல்லிவிட்டார். பட்டறை இல்லை என்றால் இந்த ஊரில் தங்குவதற்கான என் அட்டையும் இல்லை. உங்கள் ஸ்கூல், அன்புவின் ஃபுட்பால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். இதை நானும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தபோது, கயலு, நீ கதவுக்குப் பின்னால் நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சென்னையில் இறங்கிப் பிடித்த ரயில் ஆம்பூரில் நிற்காது. காட்பாடியில் இறங்கினேன். தோளில் பை, கையில் ஷீட் ரோல். ரோல் என் தோள் உயரம், பிளாஸ்டிக் சுற்றியது. பிளாட்பாரத்தில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம், எல்லா மாநிலத்துப் பேச்சும் கேட்டது. இங்கே நம் ஊர் ரயில் நிலையத்தில் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். இடித்தால் மூன்று தடவை மன்னிப்புக் கேட்பார்கள். காட்பாடியில் ஒருவர் என்னை இடித்துவிட்டு, "பாத்துப் போ தலைவா" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என்னவோ அது நிம்மதியாக இருந்தது. மேலே இருக்கிற வரியைப் பாருங்கள், போர்ச்சுகலை நான் "நம் ஊர்" என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ் ஏறியபோது கண்டக்டர் வழிமறித்தார்.

"இன்னாங்க இது, பாயா?"

"இல்லண்ணா, ஷீட்டு. ஷூ செய்ற ஷீட்டு."

"நிக்கவெச்சா ஆளு ஒசரம் கீது. இதுக்கு சீட்டு வேணுமா, நிக்கட்டுமா?"

பஸ்ஸே சிரித்தது. ரோலை டிரைவருக்குப் பின்னால் கம்பியோடு சாய்த்து நிறுத்தினேன். பள்ளிகொண்டா வருவதற்குள் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் உருதுவில் பேசிக்கொண்டார்கள். "மாப்பிள்ளைக்கு துபாய்ல வேலைன்னு சொன்னாங்க, போய்ப் பாத்தா துபாய் கடையில வேலை, வாணியம்பாடி பஜார்ல" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "நல்லதுதான், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான்" என்றாள். நான் திரும்பிக்கொண்டு சிரித்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளையாக உங்கள் அம்மாவைக் கட்டிய ஆள் நான் இல்லையே என்று தோன்றியது. ஆம்பூரில் வேலை என்று நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். அவளைத்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறேன்.

டயர் மாற்றி ஏறிப் பார்த்தால், ஒரு பூக்கார அம்மா தன் கூடையை என் ரோல்மேல் சாய்த்து வைத்திருந்தார். தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த மல்லி. பிளாஸ்டிக் ஒரு இடத்தில் கிழிந்து, ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. "ஐயோ, மன்னிச்சிக்கோ கண்ணு, கம்பின்னு நெனச்சிட்டேன்" என்றார். ஒரு முழம் பூவை வெட்டி என் கையில் திணித்தார். பெண்டாட்டி இல்லாத ஊரில் பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆம்பூரில் என் சிநேகிதன் அன்வரின் மனைவி, அண்ணியிடம் கொடுத்தேன்.

அன்வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்புவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் காட்டியவன். அந்த ஃபேக்டரியில் ஷூவின் முன்பகுதியைக் கட்டைமேல் இழுத்து ஒட்டுகிற மெஷினில் வேலை செய்கிறான். கட்டை என்றால் கால் அச்சு. அதன்மேல் இழுத்து உட்காரவைத்தால்தான் தைத்த தோல் ஷூ வடிவத்துக்கு வரும். எந்த ஷூவும் உயிர் பிழைப்பதும் கிழிவதும் அந்த மெஷினில்தான்.

அவன் வீட்டில்தான் தங்கினேன். அண்ணி பிரியாணி வைத்திருந்தார். சீரகச் சம்பா, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய். இங்கே உங்கள் ஸ்கூலில் கொடுக்கிற கீரை சூப்பும் ரொட்டியும் உடம்புக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் கவளம் வாயில் போனதும் நான் தலை குனிந்துகொண்டேன். அன்வர் பார்த்துவிட்டான்.

"இன்னாடா, காரம் ஜாஸ்தியா? வெள்ளைக்காரன் ஆய்ட்டியா?"

"ஆமாண்டா, காரம்."

சாப்பிட்டபின் ரோலைப் பிரித்தேன். பூக்கூடை சாய்ந்திருந்த இடத்தில் ஷீட் மேல் சின்னச் சின்னக் கொப்புளம், வேர்க்குரு மாதிரி. அந்தத் துண்டை வெட்டிக் குப்பையில் போட்டேன். அதோடு அதை மறந்தும் விட்டேன்.

அன்வர் ஷீட்டை முகர்ந்தான். "தோல் வாசனையே இல்ல. எதுல செஞ்சது?"

"திராட்சைத் தோல்ல. ஒயினு புழிஞ்சதும் மிஞ்சுற சக்கை."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "சாராயத்துல வந்ததா? டேய், தொழுவுற கைடா."

"காயவெச்சு, கழுவி, அரைச்சதுடா. அதுல ஒண்ணும் இல்ல."

"ஷூ போட்டவன் தள்ளாடாம நடந்தா சரி" என்று சொல்லி, ஆனாலும் கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு பாயில் படுத்துக்கொண்டே கேட்டான். "இந்த மால் ஓட ஆரம்பிச்சா, நம்ம ஊரு தோலு இன்னாவும் குமாரு?"

நான் பதில் யோசித்தேன். இங்கே போர்ச்சுகல் கூட்டங்களில் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். மார்த்தா பதில் சொல்வார். பதில் கேட்டு எல்லாரும் கை தட்டுவார்கள். அன்வர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. "தெரியலடா" என்றேன். "எதுவா இருந்தாலும் கட்டைமேல இழுக்க ஒரு ஆள் வேணும்." அவன் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தான்.

மறுநாள் காலையில் ஃபேக்டரிக்கு நடந்தே போனேன். நான் முதலில் வேலை செய்த தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது கல்யாண மண்டபம். பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தேன். மணல்மேடும் முள்செடியும் நடுவில் தோல் கழிவு ஓடுகிற ஒரு கருத்த வாய்க்காலும். வீடு வீடாகக் கேன் தண்ணீர் இறக்கிக்கொண்டு போகிற வண்டி ஹார்ன் அடித்தது. இங்கே நாம் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். முதல் வாரம் உங்கள் அம்மா அதைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஆற்றை நினைத்துத்தான் இங்கே பட்டறையில் நான் ஒருமுறை மார்த்தாவோடு சண்டை போட்டேன். சக்கை கழுவிய ஊதாத் தண்ணீரை வாசல் சாக்கடையில் விட்டார்கள். "அது பழம்தானே, குமார்" என்றார் அவர். ஆம்பூரிலும் எல்லாரும் முதலில் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் விட்டிருப்பார்கள் என்றேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் கழிவுத்தொட்டி கட்ட ஆள் வந்தார். நல்ல காரியம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு அழுக்கு இருக்காது என்று நினைத்துக்கொள்வது எந்த ஊரிலும் எளிது. இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்டதில் இது ஒன்று.

ஃபேக்டரியில் முதலில் ஷீட் போனது செலக்‌ஷன் டேபிளுக்கு. என் பழைய வேலை. அங்கே செல்வி என்ற பெண் நின்றாள், அங்கே வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆனவள். ஷீட்டை விரித்தாள். தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடி தடவினாள். பென்சில் கையில் அப்படியே நின்றது.

"ண்ணா, இதுல குறை எங்க?"

"குறை இல்லம்மா. அதான் இதோட விசேஷமே. மாட்டுக்குத் தழும்பு இருக்கும், மடிப்பு இருக்கும். இதுக்கு எதுவும் கெடையாது."

"குறையே இல்லாத மாலா? எங்க மாமியார்தான் அவங்க புள்ளையப் பத்தி இப்டி சொல்லுவாங்க."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அவள் விடவில்லை.

"சிரிக்காதீங்கண்ணா. நான் வட்டம் போடாம அனுப்பி, நாளைக்கு ஷூ கிழிஞ்சி வந்தா, எந்த டேபிள்னு கேப்பாங்க. என் டேபிளுக்குத்தான் வருவாங்க. இந்தப் பென்சிலக் கொஞ்சம் புடிங்க." ஷீட்டின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பென்சிலை வாங்கிய என் கை, பழைய பழக்கத்தில் அதைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டது. அவள் வேறு பென்சில் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கட்டிங், தையல் எல்லாம் ஒழுங்காகப் போனது. தையல் லைன் பெண்கள், தோலைவிட இது ஊசிக்கு லேசு என்றார்கள். நான் மார்த்தாவுக்குப் போனில் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தைத்த மேல்பகுதிகள் அன்வர் மெஷினுக்கு வந்தன. சூப்பர்வைசர் தேவராஜ் சார் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர். ஷூ கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதப் போவது அவர்தான்.

தோலை அப்படியே கட்டைமேல் இழுத்தால் கிழியும். அதனால் முதலில் ஆவிப்பெட்டியில், விரல் இருக்கிற மூக்குப் பக்கத்தைக் காட்டி ஈரச்சூடு ஏற்றுவார்கள். தோல் இளகும். இழுத்து ஒட்டியபின் ஆறினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். அன்வர் முதல் மேல்பகுதியை எடுத்தான். ஆவிப்பெட்டியில் வைத்தான். போதாதென்று ஈர ஸ்பாஞ்சால் மூக்கை ஒரு தடவு தடவினான். எந்த ஊர் ஆளும் செய்யாத, ஆம்பூர்க்காரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம் அது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஷீட்டை என் கையால் வருஷக்கணக்கில் செய்தவன். "நல்லா காட்டுடா, இளகட்டும்" என்று நானே சொன்னேன். என் கண்ணுக்கும் அது தோலாகத்தான் தெரிந்தது.

மெஷின் மூடியது, திறந்தது. ஷூவின் மூக்கு முழுவதும் கொப்புளம்.

இன்னொன்று. அதுவும் கொப்புளம். மூன்றாவதில் பூச்சே துணியிலிருந்து உரிந்து வந்தது. பக்கத்து மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "திராட்சைக்கு அம்மை போட்டுடுச்சுடா" என்று ஒருவர் சொன்னார். தேவராஜ் சார் அந்த ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குமார், நம்ம லைனுக்கு இது ஒத்துவராது போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

ஜும்ஆ தொழுகைக்கு அன்வர் போய்விட்டான். நான் ஃபேக்டரி வாசலில் டீக்கடையில் உட்கார்ந்தேன். மார்த்தாவின் நம்பரை எடுத்தேன், வைத்தேன். பிள்ளைகளே, அப்போது நான் நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். வாணியம்பாடி ரோட்டில் எந்த ஸ்கூலில் சேர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புவுக்குத் தமிழ் எழுத்து வராதே, எந்த வகுப்பில் உட்காரவைப்பார்கள் என்று நினைத்தேன்.

டீக்கடை வாசலில் ஒரு பெண் பூ விற்றுக்கொண்டிருந்தாள். கூடைமேல் தண்ணீர் தெளித்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்த கொப்புளம். அதே வேர்க்குரு. அங்கே சூடு இல்லை, மெஷின் இல்லை, வெறும் ஈரம்தான். டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

தொழுகை முடிந்து வந்த அன்வரைக் கேட்டிலேயே பிடித்தேன். "தண்ணிடா. தண்ணிதான் ஆவல. ஈரம் உள்ள போய்த் துணியையும் பூச்சையும் பிரிக்குது. ஆவி இல்லாம, வெறும் காஞ்ச சூடு காட்டி இழுக்கலாமா?"

"போர்ச்சுகல்ல எப்டி இழுத்தீங்க?"

"அங்க ஒரு தாத்தா கையால இழுத்து ஆணி அடிப்பாரு. ஆவியே கெடையாது. அதனாலதான் தெரியல."

அன்வர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தான். "இப்ப ஆவிய நிறுத்தினா பெட்டி ஆறணும். லைன் நிக்கும். அந்தப் பேஜார யாரு கட்டிக்கினு அழுவறது?"

தேவராஜ் சார் லைனை நிறுத்த முடியாது என்றார். தோல் ஆர்டர் அவசரம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மெஷின் சும்மா இருக்கும், அதற்குள் முடித்தால் பாருங்கள் என்றார். அன்று அந்த நேரம் தாண்டிவிட்டது. மறுநாள்தான்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. அன்வர் ஆவியை நிறுத்திவிட்டான். அவனோடு அந்த மெஷின் பக்கத்தில் வேலை செய்கிற எல்லாரும் எழுந்து போகாமல் நின்றார்கள். ஒருவரும் பெரிய பேச்சுப் பேசவில்லை. "சீக்கிரம் ஆவட்டும், பசிக்குது" என்றுதான் சொன்னார்கள். முந்தின நாள் அம்மை என்று கிண்டல் செய்தவர்தான், பெட்டி சீக்கிரம் ஆறட்டும் என்று தன் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து திருப்பி வைத்தார். காய்ந்த சூடு தருகிற தட்டில் முதல் மேல்பகுதியை வைத்தான் அன்வர். ஸ்பாஞ்சுக்கு அவன் கை தானாகப் போனது. நான் ஸ்பாஞ்சை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் மறுபடியும் கையை நீட்டினான், ஸ்பாஞ்சு இல்லை. என்னைப் பார்த்து முறைத்தான். பேன்ட் நனைந்து தொடைவரை ஈரம் இறங்கியது.

மெஷின் மூடியது, திறந்தது.

மூக்கு வழவழவென்று இருந்தது. அன்வர் கட்டைவிரலால் தடவினான். என்னைத் தடவச் சொன்னான். தேவராஜ் சார் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பார்த்தார். "அடுத்தது" என்றார். அடுத்ததும் நின்றது. எடுத்துவந்த எல்லாமே நின்றது. மணி அடித்ததும் அன்வர் ஆவியைத் திறந்துவிட்டுத் தோலை எடுத்தான். அவனும் மற்றவர்களும் அன்று டீ நேரத்தில்தான் சாப்பிட்டார்கள். நான் கேன்டீனில் போய் அவர்களுக்காக ஊறுகாய் வாங்கி வந்தேன். அதைவிடப் பெரிதாக என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதை சந்தோஷமாக முடிந்திருக்கும்.

ஷூவை வளைத்துப் பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு. நடக்கும்போது பாதம் மடிகிற இடத்தில் ஷூவை மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, நிமிர்த்தி, மாதக்கணக்கில் நடக்கிற நடையைச் சில நாளில் நடந்துவிடும். எங்கள் ஷூக்களை அதில் மாட்டினார்கள். நான் தினமும் போய் நின்று பார்த்தேன். ஓடுகிற ஷூ, நகராத ஷூ. நம் வாழ்க்கையும் சில வருஷம் அப்படித்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இது என்ன பைத்தியக்கார நினைப்பு என்று டீ குடிக்கப் போனேன்.

கழற்றும்போது செல்வியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். நல்லது, நல்லது, நல்லது என்று வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு ஒன்றை வைக்காமல் நிறுத்தினாள். சுண்டுவிரல் மடிகிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். இன்னொன்றிலும் அதே இடம். இரண்டும் இடது கால். மற்ற எல்லாமே நன்றாக இருந்தன.

"இந்தாங்கண்ணா. உங்க மாலுக்கும் தழும்பு வருது" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

தேவராஜ் சார் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. "தோல்லயே இப்டி ரெண்டு வரும்பா. அவங்க கேட்டதைவிட ஜாஸ்தி ஷூதான் செஞ்சிருக்கோம். நல்லதா எடுத்துக் கட்டி அனுப்பு. என் ரிப்போர்ட்ல நிக்குதுன்னுதான் எழுதுவேன். நிக்குது."

மார்த்தாவுக்குப் போன் செய்தேன். அவர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். விரிசலைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர் மொழியில் மெதுவாகச் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். "குமார், அவங்க கேட்ட அளவுக்கு நல்ல ஷூ நம்மகிட்ட இருக்கு. இதுல பொய் ஒண்ணும் இல்லை. விரிசலை நாம அடுத்த வருஷம் சரி பண்ணலாம். ஆனா அடுத்த வருஷம்னு ஒண்ணு நமக்கு வேணும் இல்லையா? உன் பிள்ளைகளை நினைச்சுக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. அன்புவுக்கு ஜுரம் வந்தபோது காரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவர். அவர் சொன்னதிலும் பொய் இல்லைதான். எத்தனை தடவை யோசித்தாலும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்வர் என்னைக் காட்பாடிவரை கொண்டுவந்து விட்டான். நல்ல ஷூக்கள் பெட்டியில். விரிசல் விட்ட இரண்டும் என் பையில், லுங்கிக்குள். பிளாட்பாரத்தில் நுங்கு வாங்கிக் கொடுத்தான். "ஆர்டர் வந்தா இந்த லைனுக்குத்தான் வரும். என் கையிலதான் ஓடும்" என்றான்.

"ஆமாண்டா."

"ஓடி, கடைக்குப் போயி, எவனாவது வாங்கிப் போட்டு, இதே எடத்துல விரிஞ்சா?"

நான் நுங்கைத் தின்றேன்.

"உன்னக் கேக்க மாட்டாங்க. நீ அங்க கீற. மொதல்ல என் மெஷின். அப்பறம் செல்வி டேபிள்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "சரி வுடு. பசங்கள கேட்டன்னு சொல்லு. அந்த ஆளு உயரம் ஒருத்தன் ஊருக்கு வந்தான், திரும்பிப் போவல, பாரு" என்றான். காலியாகிப்போன ரோலைச் சொன்னான். ரயில் வந்துவிட்டது.

விமான நிலையத்தில் பையைச் சோதித்த அதிகாரி, மடித்து வைத்திருந்த என் சட்டையின் பாக்கெட்டிலிருந்து வெள்ளிப் பென்சிலை வெளியே எடுத்துப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். பென்சில் என்றேன். என்ன எழுத என்று கேட்டார். எழுத இல்லை, வட்டம் போட என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். செல்வியுடையது. அவளிடம் திருப்பித் தர மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஊர் விட்டு ஊர் போய் ஒரு பொருளை உண்டாக்கியதில் என்ன கற்றாய் என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. புது ஊருக்கு நாம் பழைய கையோடுதான் போகிறோம். அந்தக் கை சில இடத்தில் கெடுக்கும், ஸ்பாஞ்சைத் தேடிப் போய்க் கெடுத்த மாதிரி. சில இடத்தில் அந்தக் கை மட்டும்தான் நமக்கு இருக்கும். எது எப்போது என்று முன்னாலேயே தெரிவதில்லை.

கயலு, நீ ஊருக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று நினைக்கிறாய். அன்பு, உனக்கு அன்வர் மாமாவும் பிரியாணியும் போதும் என்கிறாய். ஷூ கம்பெனி பதில் இன்னும் வரவில்லை. நல்லதாகவும் வரலாம், நாம் பெட்டி கட்டும்படியும் வரலாம். எப்படி வந்தாலும், அதற்கு நான் செய்த ஒரு காரியமும் காரணமாக இருக்கும். அதை நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சாப்ட வாங்க" என்றாள். மார்த்தாவிடமும் கம்பெனிக்குப் பெட்டி கிளம்பிய அன்றைக்கே சொன்னேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீங்கள் பையைப் பிரித்ததற்கு மறுநாள் காலை, உங்களை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். மார்த்தா வந்திருக்கவில்லை. கம்பெனிக்குப் போக வேண்டிய பெட்டி மேஜைமேல் இருந்தது, டேப் இன்னும் ஒட்டவில்லை. லுங்கியைப் பிரித்து இரண்டு ஷூக்களையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தேன். விரலை உள்ளே விட்டு மடக்கினேன். விரிசல் வாய் திறந்தது. பையிலிருந்து வெள்ளிப் பென்சிலை எடுத்து, விரிசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இரண்டாவது ஷூவிலும் போட்டேன். இரண்டையும் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்தவுடன் வட்டம் தெரிகிற மாதிரி வைத்து, டேப் ஒட்டினேன்.